அமெரிக்க நாடாளுமன்றத்தில் 'ரோல் கால்' வாக்கெடுப்பு என்றால் என்ன? அரசு ஊழியர்கள் ஏன் அதைத் தேடிப் பார்க்கிறார்கள்?

ஒவ்வோர் உறுப்பினரும் ஆதரித்தாரா, எதிர்த்தாரா என்று பெயரோடு பதிவாகும் வாக்கெடுப்புதான் ரோல் கால். எல்லா மசோதாவுக்கும் இது நடப்பதில்லை. பல மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே முடிந்துவிடும். கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து "சரி" என்று சொல்வதற்கும், நோட்டில் ஆளாளுக்குக் கையெழுத்துப் போடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. குரலில் யார் என்ன சொன்னார் என்று பிறகு யாரும் கேட்க முடியாது. சிலருக்கு அதுதான் வசதி! அதனால்தான், அவையில் இருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால் பெயரோடு பதிய வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது.

உதாரணமாக, அரசு ஓய்வூதியம் வாங்கும் ஆசிரியர்கள், போலீஸார், தீயணைப்பு வீரர்கள் பலருக்கு சமூகப் பாதுகாப்புத் தொகை (Social Security எனப்படும் தேசிய ஓய்வுக்காலத் தொகை) குறைக்கப்பட்டு வந்தது. அந்தக் குறைப்பை நீக்கும் மசோதா 2024 நவம்பரில் கீழவையில் 327–75, டிசம்பரில் மேலவையான செனட்டில் 76–20 என்று நிறைவேறியது. அந்த 20 பேர் யார் என்பதை இன்றும் செனட் இணையதளத்தில் பார்க்கலாம்.

ஆனால் எதிர்த்தவர்கள் எல்லோரும் ஊழியர்களுக்கு விரோதிகள் என்று நினைத்துவிடக் கூடாது. 10 ஆண்டுகளில் சுமார் 19,600 கோடி டாலர் செலவாகும், சமூகப் பாதுகாப்பு நிதி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பது அவர்களில் பலர் சொன்ன காரணம்.