கிணற்று நிலத்தை விற்காதீர்கள், ஐயா

போன வாரம் ஒரு அப்பாவும் அம்மாவும் மகளோடு என்னிடம் படிப்பு ஆலோசனை கேட்டு வந்தார்கள். இரண்டு முறை நீட் எழுதி, தகுதி மதிப்பெண்ணைத்தான் தொட்டிருக்கிறாள். கிணற்றோடு ஒன்றரை ஏக்கரை விற்று நிர்வாக ஒதுக்கீட்டில் எம்பிபிஎஸ் சேர்த்துவிடலாம் என்று பெரியப்பா சொல்கிறாராம். அம்மா அழுதார். கொஞ்ச நேரம் தேற்றினேன். ஆனால் நிலத்தை விற்கும் யோசனைக்குத் தேற்றல் போதாது.

அந்த அப்பாவுக்குத்தான் சொல்கிறேன்: ஐயா, அந்தக் கட்டணம் ஒரே தவணையில் முடிவதில்லை. வருடாவருடம் பல லட்சம். நிலம் கரைந்தபின் மூன்றாம் ஆண்டுக்கு எதை விற்பீர்கள்? பெரியப்பா கட்டுவாரா?

பாப்பாவிடம் பேசியதைச் சொல்கிறேன். பிராக்ஸிமல், டிஸ்டல் என்றால் என்னம்மா என்று கேட்டேன். உங்கள் கையைப் பிடித்துத் தோளுக்கு அருகில் இருப்பது பிராக்ஸிமல், விரல் பக்கம் போகப்போக டிஸ்டல் என்று காட்டினாள். வலது, இடது என்பது நோயாளியின் வலது, இடது. பார்ப்பவருடையது இல்லை என்று நான் கேட்காமலேயே சொன்னாள். "மருந்து எழுதுற பொறுப்பு வேண்டாம் சார், உள்ளே எது எங்கே இருக்குன்னு பார்க்கத்தான் பிடிக்கும்" என்றாள். இதை வீட்டில் யாராவது கேட்டீர்களா?

அவளுக்கு பி.எஸ்சி. ரேடியோகிராபி அன்ட் இமேஜிங் டெக்னாலஜி பொருந்தும். எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ எடுப்பவர்களின் படிப்பு. அங்கே இந்தச் சொற்கள்தான் தினசரிப் பேச்சு. மருத்துவர் சீட்டில் 'டிஸ்டல் ரேடியஸ்' (ரேடியஸ் என்பது முன்கையில் கட்டைவிரல் பக்கத்து எலும்பு) என்றிருந்தால் முழங்கையை அல்ல, மணிக்கட்டுப் பக்கத்தைப் படமெடுக்க வேண்டும். அதையும் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. நேர்ப்படத்தில் தெரியாத முறிவு பக்கவாட்டில் தெரியலாம். மார்புக்கு பிஏ வியூ என்றால் கதிர் முதுகிலிருந்து நெஞ்சுக்குப் போகும். இதயம் படம் பதியும் தகட்டை ஒட்டி இருப்பதால் அதன் நிழல் அதிகம் பெரிதாகாது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வது ஏன்? உதரவிதானம் கீழே இறங்கி நுரையீரல் விரியும். சிடிக்கு, படத்தில் உறுப்புகளைத் தெளிவாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றும் முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் பார்ப்பார்கள், சிறுநீரகம்தானே அதை வெளியேற்ற வேண்டும். எம்ஆர்ஐ அறைக்குள் விடும் முன் உடம்பில் பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். உடலைக் குறுக்கே வெட்டினாற்போல் ஆக்சியல், முன்பின்னாகப் பிரிக்கும் கரோனல், இடவலமாகப் பிரிக்கும் சஜிட்டல்: பாப்பா நோட்டில் கலர் பென்சிலில் வரைந்து வைத்திருந்ததும் இதே மூன்று தளங்கள்தான்.

பாப்பா தடுமாறும் இயற்பியல் இங்கேயும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் கண்ணெதிரே இயந்திரம் இருக்கும்போது அவளுக்கு அது பிடிபடும் என்று நம்புகிறேன்.

"கதிர்வீச்சில் வேலை செய்தால் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகுமா?" என்று அத்தை கேட்டாராம். ஊழியர்கள் அணியும் டிஎல்டி (TLD) என்ற சிறு பட்டை, உடலில் படும் கதிர்வீச்சின் அளவைப் பதிவு செய்கிறது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்த வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). எம்ஆர்ஐயில் எக்ஸ்ரே, சிடி போன்ற கதிரே கிடையாது.

எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு உள்ள கல்லூரியா என்று பாருங்கள். அரசுக் கல்லூரி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். இணைப்பே இல்லாத ஆறு மாதச் சான்றிதழ்க் கடைகளுக்குள் கால் வைக்காதீர்கள். சேர்க்கை விதிகளை இந்த ஆண்டுக் கையேட்டிலேயே படியுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு அரை நாள், தெரிந்த ஸ்கேன் சென்டரில் அனுமதி கேட்டு அவளை உட்கார வையுங்கள். பிடிக்கவில்லை என்று அவளே சொன்னால் வேறு பார்க்கலாம். நிலத்துக்கு யாரிடமாவது முன்பணம் வாங்கியிருந்தால் இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.