விண்மீன்கள் பிறக்கும் இடத்தைப் பார்க்க அகச்சிவப்புத் தொலைநோக்கி ஏன் வேண்டும்?

அந்த இடங்களை மூடியிருக்கும் தூசிதான் காரணம். மணல் மாதிரி நினைக்காதீர்கள், புகை மாதிரி. சுமார் 0.1 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள சிலிக்கேட், கார்பன் துகள்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 0.5 மைக்ரான் என்பதால் அந்த ஒளி தூசியில் மாட்டிச் சிதறிவிடும். அகச்சிவப்பின் நீண்ட அலைகள் தப்பித்துவிடும். பால்வெளியின் மையத்திலிருந்து கிளம்பும் கண்ணுறு ஒளியில் ஏறக்குறைய லட்சம் கோடியில் ஒரு பங்கே நம்மை எட்டுகிறது, 2.2 மைக்ரான் அகச்சிவப்பில் பத்தில் ஒரு பங்கு வந்துவிடும்.

எனக்குச் சுவாரசியமானது அடுத்த விஷயம். ஒளியை விழுங்கிய தூசி, சூடாகி அகச்சிவப்பில் தானே ஒளிர்கிறது. மைனஸ் 250 டிகிரி செல்சியஸ் தூசி மேகமும் அப்படித்தான். சிக்கல் என்னவென்றால், தொலைநோக்கியும் தன் சூட்டால் அகச்சிவப்பில் ஒளிரும்! அதனால்தான் 1983இல் ஏவிய ஐராஸ் (IRAS) என்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கியைத் திரவ ஹீலியத்தால் குளிர்வித்தார்கள். பத்து மாதத்தில் ஹீலியம் தீர்ந்தது, ஆய்வும் நின்றது.