மேயருக்குத் தனி ஓட்டு கிடையாது

வாக்காளர் பட்டியலில் பெயர் கானாடுகாத்தானில், வாடகை வீடு காரைக்குடி செக்காலையில், காரைக்குடி மேயருக்கு எப்படி ஓட்டுப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். மேயரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, ஐயா. உங்களுக்கு ஒரே ஓட்டுதான், வார்டு கவுன்சிலருக்கு. கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள். 2011-ல் இங்கே நகராட்சியாக இருந்தபோது தலைவருக்கும் தனியாகப் போட்டோம்; அந்த நினைப்பில் 2022-ல் என் அப்பத்தா, ஒரு தடவை அமுக்கிவிட்டு, "இன்னொரு பொட்டி எங்கப்பா?" என்று உள்ளேயே நின்றுவிட்டார்! மாநகராட்சியானது 2024-ல்தான்.

சரி, முதலில் பட்டியலில் உங்கள் பெயரைச் செக்காலைக்கு மாற்றுங்கள். அதற்கு வேண்டியது படிவம் 8 (முகவரி மாற்ற விண்ணப்பம்), செக்காலை முகவரிக்கு ஏதாவது சான்று. ஆன்லைனிலேயே போடலாம். உள்ளாட்சிப் பட்டியலைச் சட்டமன்றப் பட்டியலை வைத்துத்தான் தயாரிக்கிறார்கள், அதனால் தேர்தல் அறிவிக்கும்வரை காத்திருக்காதீர்கள். அப்புறம், உங்கள் தெரு எந்த வார்டு என்று பாருங்கள். எதிர்த்த வரிசை வீடு வேறு வார்டாக இருப்பதுண்டு.