வாசகர் கேள்வி – பதில்: பொத்தானைத் திருப்பினால் விளக்குதான் மின்னுகிறது

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளைப் பற்றியவை. நான்கை எடுத்துக்கொண்டோம். கீழே 2எச் என்றால் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் சாதாரண ஓட்டம், 4எச் என்றால் நான்கு சக்கரமும் இழுப்பது, 4எல் என்றால் நான்கும் குறைந்த விகித கியரில் மெதுவாக, கூடுதல் விசையோடு இழுப்பது.

கேள்வி: பழைய ஜீப்பில் சின்ன லீவரை இழுத்தால் 'டக்'கென்று விழும். புது வண்டியில் திருகுபொத்தான். 4எல்லுக்குத் திருப்பினால் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது, விழ மாட்டேன் என்கிறது. மெக்கானிக் பொத்தானுக்கு வேலை செய்யும் மின்மோட்டாரையே மாற்றச் சொல்கிறார். (வால்பாறை வாசகர்)

பதில்: மோட்டாருக்குப் பணம் கட்டும் முன் கொஞ்சம் பொறுங்கள். லீவர் இருந்தபோது டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் (கியர்பாக்ஸ் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி) பல்லைச் சேர்த்துவிடும் ஃபோர்க்கை உங்கள் கையே தள்ளியது. பல் சேரவில்லை என்றால் அது உள்ளங்கையிலேயே தெரிந்துவிடும். பொத்தான் வெறும் விண்ணப்பம். கன்ட்ரோல் யூனிட் முதலில் வண்டி நின்றுவிட்டதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா, கிளட்ச் முழுக்க மிதித்திருக்கிறதா என்றெல்லாம் பார்க்கும். எல்லாம் சரி என்றால்தான், உங்கள் கைக்குப் பதில் ஃபோர்க்கைத் தள்ளும் மோட்டாரைச் சுழற்றும். ஃபோர்க் இடத்துக்கு வந்துவிட்டது என்று சென்சார் சொல்லும்வரை விளக்கு மின்னும். ஆக, மின்னுவது பழுது இல்லை, "இன்னும் முடியவில்லை" என்ற தகவல்.

வண்டியை முழுக்க நிறுத்துங்கள். ஸ்டீயரிங் நேராக இருக்கட்டும். நியூட்ரலில் போட்டு கிளட்சை அடிவரை மிதித்தபடி பொத்தானைத் திருப்பிப் பத்து விநாடி காத்திருங்கள். அதற்கும் விழவில்லை என்றால் பல்லுக்கு நேராகப் பல் நிற்கிறது என்று அர்த்தம். முதல் கியரில் ஒரு மீட்டர் முன்னே, ரிவர்ஸில் ஒரு மீட்டர் பின்னே நகர்த்திவிட்டு மறுபடி முயலுங்கள். ஏற்றத்தில் பாதி வழியில் மாட்டிக்கொண்ட பிறகு 4எல் தேடுகிறவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். அடிவாரத்திலேயே போட்டுவிடுங்கள்.

அப்படியும் விழாவிட்டால் பேட்டரியைப் பாருங்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போது 12.4 வோல்ட்டுக்கு மேலும், ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டியும் இருக்க வேண்டும். பிறகு ஃபியூஸ். அதன்பின் டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கவாட்டில் இருக்கும் மோட்டாரின் கனெக்டர். சேறும் மழைத் தண்ணீரும் நேரே அடிக்கிற இடம் அது. கழற்றிப் பார்த்தால் பின்களில் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு, ரப்பர் சீல் கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் விழவில்லை என்றால்தான் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டும்.

வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் ஃபோர் வீல் போடுகிற வண்டிகளில் உள்ளே எல்லாம் இறுகிப்போகும். மாதம் ஒருமுறை மண் பாதையில் இரண்டு மூன்று கிலோமீட்டர் 4எச்சில் ஓட்டுங்கள், 4எல்லையும் ஒரு தடவை போட்டு எடுங்கள். காய்ந்த தார் ரோட்டில் மட்டும் வேண்டாம். இந்த வகை டிரான்ஸ்ஃபர் கேஸில் நடு டிஃபரன்ஷியல் (முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதி) கிடையாது. வளைவில் முன்சக்கரம் ஓடும் கூடுதல் தூரத்தை மண்ணில் சறுக்கிச் சமாளிக்கும், தாரில் அது முடியாது. விசையைக் கொண்டுபோகும் ஷாஃப்டுகள் முறுக்கேறி, 2எச்சுக்கு மாறவே மறுக்கும். அப்படி மாட்டிக்கொண்டால் ஸ்டீயரிங்கை நேராக வைத்து நாலைந்து மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள், முறுக்கு விட்டுவிடும்.

கேள்வி: என் வண்டியில் லீவர்தான், பொத்தான் இல்லை. 4எச் விளக்கும் எரிகிறது. ஆனால் சேற்றில் முன்சக்கரம் இழுக்கவில்லை. (கோத்தகிரி வாசகர்)

பதில்: லீவர் இருப்பதாலேயே எல்லாம் பழைய முறை என்று நினைத்துவிட வேண்டாம். சுசூகி ஜிம்னியின் முந்தைய தலைமுறையில் பிற்கால வண்டிகள் பலவற்றில் பொத்தான் இருந்தது. 2018இல் வந்த நான்காம் தலைமுறையில் லீவரையே திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனால் முன்சக்கர ஹப்பை (சக்கரத்தை ஷாஃப்டோடு இணைக்கும் நடுப்பகுதி) பூட்டுவது அதிலும் வேக்குவம்தான், அதாவது காற்றை உறிஞ்சும் விசை. இந்த வகை வண்டிகளில் டிரான்ஸ்ஃபர் கேஸ் சரியாக மாறி, ஹப் மட்டும் பூட்டாமல் போனால் முன் ஷாஃப்ட் வெறுமனே சுற்றும்.

சோதிப்பது எளிது. சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போடுங்கள். கியர் நியூட்ரல், லீவர் 4எச், இன்ஜின் ஐடிலில் ஓடட்டும். ஒரே ஒரு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, கையால் சுற்றிப் பாருங்கள். வண்டிக்கு அடியில் போகாதீர்கள். சக்கரம் அசையவில்லை என்றால் இரண்டு ஹப்பும் பூட்டியிருக்கின்றன. தாராளமாகச் சுற்றினால் ஏதோ ஒரு ஹப்பாவது பூட்டவில்லை. பெரும்பாலும் காரணம் வேக்குவம் போகும் சின்ன ரப்பர் ஹோஸ்தான்: சக்கரத்தருகே வளையும் இடத்தில் வெடித்திருக்கும், அல்லது குச்சி மாட்டிப் பிடுங்கியிருக்கும். அது நன்றாக இருந்தால் ஹப் பக்கத்து சீலைப் பாருங்கள்.

வேக்குவத்தோடு மல்லுக்கட்ட முடியாதவர்கள் கையால் திருகும் ஹப்புக்கு மாறுவதுண்டு. குறை ஒன்றே, சேற்றில் இறங்கித் திருக வேண்டும். அதற்கும் வழி இருக்கிறது. மண் பாதை தொடங்கும் முன்பே இரண்டையும் பூட்டிவிட்டு 2எச்சில் போங்கள். பூட்டிய ஹப்போடு 2எச்சில் ஓடினால் கெடுதல் இல்லை, கொஞ்சம் டீசல் கூடுதலாகும், அவ்வளவே.

கேள்வி: ஆல் வீல் டிரைவ் கார். ஏற்றத்தில் ஒரு சக்கரம் வழுக்கியதும் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இன்ஜின் சோர்ந்துபோகிறது. பழைய வண்டி எவ்வளவோ மேல்! (ஏற்காடு வாசகர்)

பதில்: பாதிதான் சரி. பழைய ஜீப்பில் முன்னும் பின்னும் சாதா டிஃபரன்ஷியல், ஒரு பக்கச் சக்கரம் வழுக்கினால் சுற்றல் அதற்கே போகும். ஒரு முன்சக்கரமும் எதிர்மூலைப் பின்சக்கரமும் அந்தரத்தில் தொங்கினால் அதுவும் நின்ற இடத்தில்தான் சுற்றும். இன்றைய டிராக்‌ஷன் கன்ட்ரோல் சுற்றுகிற சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, மற்ற சக்கரத்துக்கு விசையை அனுப்பும். ஆனால் அது இன்ஜின் விசையையும் குறைக்கும், உங்களைச் சோர வைப்பது அதுதான். மேனுவலைப் பார்த்து டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணையுங்கள். பல வண்டிகளில் அணைத்தாலும் பிரேக் பிடிக்கும் வேலை தொடரும், இன்ஜினைக் குறைப்பது மட்டும் நிற்கும். பிறகு மிதியை ஒரே அளவில் பிடியுங்கள். சக்கரம் சுற்றியதும் காலை எடுக்கும் பழைய பழக்கம் இங்கே எதிராக வேலை செய்யும். பிரேக் பிடித்து விசை மாறுவதற்குள் நீங்களே விட்டுவிடுகிறீர்கள்.

பின்சக்கரத்துக்கு விசை அனுப்பும் கிளட்ச் சூடேறினால் எச்சரிக்கை வரும், பின்பக்க இழுவை போய்விடும். பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிடுங்கள். குறைந்த விகித கியர் இல்லாத கார் அது. எஸ்டேட் வேலைக்கு வாங்கியிருந்தால் தேர்விலேயே பிழை. இன்னொன்று: நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம். ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் அந்தக் கிளட்ச் நேர் ரோட்டிலும் ஓயாமல் வேலை செய்து தேயும்.

கேள்வி: ஏலத்தோட்டத்துச் செங்குத்து இறக்கத்தில் ஹில் டிசென்ட் போட்டால் பிரேக் கருகும் வாடை வருகிறது. பழைய மாருதி ஜிப்சிக்கு இதெல்லாம் தேவைப்படவே இல்லையே? (போடிநாயக்கனூர் வாசகர்)

பதில்: வாடை பொய் சொல்லாது. ஹில் டிசென்ட் என்பது ஏபிஎஸ் பம்ப் பிரேக்கைத் தட்டித் தட்டிப் பிடிப்பதுதான். ஐம்பது மீட்டர் இறக்கத்துக்கு அருமை. இரண்டு கிலோமீட்டர் இறக்கத்துக்கு 4எல், முதல் கியர், இன்ஜின் பிடிப்பு போதும். கிளட்சை மிதிக்காதீர்கள்.

1985இல் வந்த ஜிப்சியில் ஒரு வசதி: கையால் திருகும் ஹப் உள்ள வண்டியில் ஹப்பைத் திறந்தே விட்டு 4எல் போட்டால் பின்சக்கரம் மட்டும் குறைந்த விகிதத்தில் ஓடும். கான்கிரீட் போட்ட எஸ்டேட் ரோட்டில் முறுக்கேறாமல் இறங்கலாம். முழுப் பாரமும் பின் ஆக்சிலுக்கே போவதால் மூட்டை ஏற்றியிருக்கும்போது வேண்டாம். மழையில் வழுக்கும் பாதையிலும் வேண்டாம்.