இதய உதவிக் கருவி பொருத்தியவருக்கு நாடித்துடிப்பு ஏன் சரியாகத் தெரிவதில்லை?

தங்கள் தந்தையின் மணிக்கட்டில் நாடி அகப்படவில்லை என்று அஞ்சியிருக்கிறீர்கள். அது மட்டுமே கருவி பழுதானதற்கு அறிகுறி அன்று. இதயம் இரத்தத்தை விட்டுவிட்டுத் தள்ளுவதால்தான் நாடி எழுகிறது. ஆனால் இடது கீழறையின் நுனியில் பொருத்தப்படும் ஹார்ட்மேட் 3 போன்ற கருவி, காந்த விசையால் எதையும் தொடாமல் மிதந்தபடி சுழலும் சுழலியைக் கொண்டு, அங்குள்ள இரத்தத்தை இடைவிடாமல் இழுத்துப் பெருந்தமனிக்கு அனுப்புகிறது. அதனால் நாடி தெளிவாக எழுவதில்லை; வழக்கமான இரத்த அழுத்தமானியில் அழுத்தமும் பெரும்பாலும் சரியாகப் பதிவாகாது. இரத்த ஓட்டத்தை ஒலி அலைகளால் கண்டறியும் டாப்ளர் கருவி கொண்டே அளக்கிறார்கள்.

தொடக்ககாலக் கருவிகள் இதயத்தைப் போலவே துடித்தன. மாற்று இதயம் பெற இயலாத 129 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2001-இல் வெளியான ஆய்வில், மருந்து மட்டும் பெற்றோரில் 25 விழுக்காட்டினரும், அத்தகைய கருவி பெற்றோரில் 52 விழுக்காட்டினரும் ஓராண்டு கடந்து உயிர்வாழ்ந்தனர். ஆயினும் அவை விரைவில் தேய்ந்தன; தொடர்சுழற்சிக்கு மாறியதற்கு அதுவே முக்கியக் காரணம்.

நாடியைவிட, கருவிக்கு மின்சாரம் தரும் கம்பி வயிற்றுத் தோலைத் துளைத்து வெளிவரும் இடந்தான் கூடுதல் கவனத்துக்குரியது என்பேன். அங்கே சிவப்போ சீழோ கண்டால், அன்றே மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையையும் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள்.