கூடைப்பந்தும் கட்டைவிரலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அண்மையில் வீட்டுக்கு ஒரு பிளேஸ்டேஷன் வாங்கினோம். அதனுடன், என்பிஏ என்னும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரை வைத்து வரும் என்பிஏ 2கே வரிசையில் ஒரு விளையாட்டையும் வாங்கினேன். நான் கூடைப்பந்து ஆடியவனும் அல்ல, தொடர்ந்து பார்த்தவனும் அல்ல. நாற்பதைத் தாண்டிய வயதில் முதன்முறையாகக் கன்ட்ரோலரைக் கையில் எடுக்கிறேன். எந்தப் பட்டன் எதற்கு என்று ஒரு தாளில் எழுதி மனப்பாடமே செய்தேன். ஆனால் ஆட்டம் தொடங்கியதும் எல்லாம் மறந்துவிடுகிறது. கூடையை நோக்கி ஓடினால் பந்தைப் பறித்துவிடுகிறார்கள். எறிந்தால் வளையத்தில் பட்டுத் திரும்புகிறது. தடுப்பாட்டத்திலோ என் ஆட்டக்காரர் எங்கே நிற்கிறார் என்பதே தெரிவதில்லை. இருப்பதிலேயே எளிய நிலையில்கூடக் கணினியிடம் தோற்கிறேன்.

விரல் வேகம் என்பது இளம்வயதிலேயே வந்திருக்க வேண்டிய ஒன்றா? இதை முறையாகக் கற்க வழி உண்டா? வீரரின் திறனைக் கூட்டப் பணம் கட்டும்படி விளையாட்டே அடிக்கடி கேட்கிறது. கட்டினால் பயன் உண்டா? இணையத்தில் பிறருடன் ஆடிப் பழகலாமா என்றும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் சிக்கல் விரல்களில் இல்லை. பந்து பறிபோவது, எறிதல் தவறுவது, தடுப்பாட்டத்தில் ஆளைத் தொலைப்பது என்று நீங்கள் சொல்லும் மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: உங்கள் கண் பந்தைவிட்டு அகலுவதில்லை. களத்தில் இருக்கும் பத்துப் பேரில் பந்து ஒருவரிடம்தான் இருக்கிறது. மற்ற ஒன்பது பேர் எங்கே நிற்கிறார்கள், எந்தப் பக்கம் நகர்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான் இந்த விளையாட்டு பிடிபடும். அந்தப் பார்வை வந்துவிட்டால் விரல்களுக்கு அவசரமே இருக்காது. நாற்பதில் அதைப் பழக முடியாது என்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கையில் இருப்பது எந்த வகை விளையாட்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1993இல் வந்த என்பிஏ ஜாம் போன்ற ஆர்கேட் விளையாட்டுகளில் அணிக்கு இருவர்தான், விதிகள் தளர்ந்திருக்கும், ஓடுவதும் தாவுவதும் பந்தைக் கூடைக்குள் அறைவதுமே ஆட்டம். 1999இல் சேகா ட்ரீம்காஸ்ட் கருவிக்காக விஷுவல் கான்செப்ட்ஸ் நிறுவனம் உருவாக்கிய என்பிஏ 2கே அந்த வழியில் வந்ததல்ல. உண்மையான கூடைப்பந்தை எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்குவதே அந்த வரிசையின் நோக்கம். ஆகவே மைதானத்தில் எது தவறோ அது இங்கும் தவறு. ஐந்து பேர் நிற்கும் தடுப்புக்குள் ஒருவர் நேராக ஓடினால் நிஜத்திலும் பந்தைப் பறிகொடுப்பார். விளையாட்டு உங்களைத் தண்டிக்கவில்லை, நியாயமாகத்தான் நடந்துகொள்கிறது.

பயிற்சிக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தொலைக்காட்சியின் பட அமைப்புகளுக்குள் சென்று கேம் மோட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். படத்தை மெருகேற்றுவதற்காகத் தொலைக்காட்சி செய்யும் வேலைகள் சிறிது நேரத்தை எடுத்துக்கொள்வதால், நீங்கள் பட்டனை அழுத்தியதன் விளைவு திரைக்குத் தாமதமாகவே வந்து சேர்கிறது. திரைப்படம் பார்ப்பவருக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. ஆனால் வினாடிக்கு 60 சட்டகம் (ஃபிரேம், அதாவது தனித்தனிப் படம்) ஓடும் விளையாட்டில் ஒரு சட்டகத்தின் ஆயுள் ஏறத்தாழ 17 மில்லிவினாடிதான், பந்தை விடுவதற்குரிய சரியான தருணமோ ஒரு சில சட்டகங்களுக்குள் முடிந்துவிடும். கேம் மோட் இல்லாத நிலையில் சில தொலைக்காட்சிகளின் தாமதம் 100 மில்லிவினாடியையும் எட்டும். அதாவது ஆறு சட்டகங்கள். அப்படிப்பட்ட திரையில் பழகிய ஒருவர் தம் கையைத்தான் குறைசொல்லிக்கொள்வார்.

இனி எறிதலுக்கு வருகிறேன். பொறுமையாகப் பழக வேண்டிய பகுதி இதுதான். சதுரப் பட்டனை அழுத்தியதும் ஆட்டக்காரர் பந்தை உயர்த்துகிறார், பக்கத்தில் ஓர் அளவுகோல் நிரம்புகிறது, குறித்த இடத்தை அது தொடும்போது விரலை எடுக்க வேண்டும். புதியவர்கள் எல்லோரும் அந்த அளவுகோலையே பார்க்கிறார்கள். நான் உங்களைப் பார்க்கச் சொல்வது ஆட்டக்காரரின் கையை. பந்து நெற்றிக்கு மேலே செல்கிறது, முழங்கை நிமிர்கிறது, மணிக்கட்டு முன்னோக்கி மடியத் தொடங்குகிறது. பலருடைய எறிதலில் விடுவிக்கும் தருணம் அந்த மடிப்பை ஒட்டித்தான் வரும். ஒவ்வொரு வீரரின் அசைவும் வேறு. ஒருவர் குதித்த உடனேயே விடுவிப்பார், இன்னொருவர் குதிப்பின் உச்சிவரை காத்திருப்பார். அதனால் அணியை மாற்றிக்கொண்டே இருந்தால் எதுவும் படியாது. ஓர் அணியை எடுத்துக்கொண்டு, அதில் நன்றாக எறியும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, எதிராளி இல்லாத பயிற்சிக் களத்தில் ஒரே இடத்தில் நிறுத்தி எறிந்துகொண்டே இருங்கள். தாளம் உடம்பில் ஏறுவதுபோல அந்த ஒருவரின் தருணம் விரலில் ஏறும். பிறகு இடத்தை மாற்றுங்கள், அதன் பின்னரே ஆளை மாற்றுங்கள்.

எறிந்ததும் திரையில் தோன்றும் குறிப்பையும் விடாமல் படியுங்கள். விரலை முந்தி எடுத்தீர்களா பிந்தி எடுத்தீர்களா என்பதை அது சொல்லும். எதிராளி எவ்வளவு நெருக்கமாக இருந்தார் என்பதையும் தனியாகச் சொல்லும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தருணம் சரியாக இருந்தும் பந்து திரும்பி வருகிறது, எதிராளி முகத்துக்கு நேரே கையை உயர்த்தி நிற்கிறார் என்றால், அது விரலின் பிழை அல்ல. அந்த இடத்தில் எறிய முடிவெடுத்ததுதான் பிழை. எத்தனை நாள் பயிற்சிக் களத்தில் எறிந்தாலும் அந்தப் பிழை திருந்தாது.

அடுத்தது வேக ஓட்டத்துக்கான ஆர்2 பட்டன். அதிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். சில ஆட்டங்களுக்கு அப்படி ஒரு பட்டனே இல்லை என்று வைத்துக்கொண்டு ஆடுங்கள். எப்போதும் ஓடும் ஆட்டக்காரர் விரைவில் களைத்துப்போவார், களைத்தவரின் எறிதல் தவறும், ஓடும் வேகத்தில் திசை திருப்ப முடியாமல் நேராக எதிராளியின் மார்பில் போய் மோதுவார். உங்களிடமிருந்து பந்தைப் பறிப்பவர்களுக்குப் பெரிய திறமை தேவைப்பட்டிருக்காது.

பந்து கைக்கு வந்ததும் அதைக் கூடையை நோக்கி எறிய உங்கள் அணிக்கு இருக்கும் நேரம் 24 வினாடி. அது குறைவு என்று தோன்றலாம். இந்த விதி வந்த கதையைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். முன்னிலை பெற்ற அணி பந்தை வைத்துக்கொண்டு எறியாமலே நேரத்தைக் கடத்தும் வழக்கம் என்பிஏவின் தொடக்க ஆண்டுகளில் இருந்தது. 1950 நவம்பரில் ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ், மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணிகள் மோதிய ஓர் ஆட்டம் 19–18 என்று முடிந்ததே, அந்தக் காலத்தில்தான். சிராக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயாசோன் ஒரு கணக்குப் போட்டார்: பார்ப்பதற்கு நன்றாக இருக்கும் ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து ஏறத்தாழ 120 முறை எறிகின்றன, ஆட்டத்தின் மொத்த நேரம் 48 நிமிடம், அதாவது 2,880 வினாடி, வகுத்தால் 24. 1954இல் அது விதியானது. ஒரு நல்ல எறிதலைத் தேடிக்கொள்ளப் போதுமான நேரம் என்று எண்ணி வைத்த அளவு அது. பந்தை எட்டு வினாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுவந்துவிட்டால் போதும். மீதியிருக்கும் பதினாறு வினாடியில் நடந்தே ஆடலாம்.

அந்தப் பதினாறு வினாடியில் என்ன செய்வது? ஒன்றே ஒன்றைப் பழகுங்கள்: பிக் அண்ட் ரோல். எல்1 பட்டனைச் சற்று அழுத்திப் பிடித்தால் உங்கள் அணியின் உயரமான வீரர் ஒருவர் வந்து, பந்து வைத்திருப்பவரைக் காக்கும் எதிராளியின் வழியை உடலால் மறித்து நிற்பார். அதற்குத்தான் ஸ்கிரீன் என்று பெயர். அவரை உரசினாற்போலக் கடந்து செல்லுங்கள். கடந்தபின் பந்தைப் பார்க்காதீர்கள், இரண்டு எதிராளிகளைப் பாருங்கள். இருவரும் உங்கள்மேல் பாய்ந்தால், மறித்து நின்ற வீரர் இந்நேரம் கூடையை நோக்கித் தனியாக ஓடிக்கொண்டிருப்பார், பந்து அவருக்கு. உங்களைக் காப்பவர் ஸ்கிரீனுக்குப் பின்புறமாகச் சுற்றி வந்தால் மூன்று புள்ளி எறிதலுக்கு இடம் கிடைத்துவிட்டது. உயரமான எதிராளி கூடையடிக்குப் பின்வாங்கினால் நடுத்தூரத்தில் நின்று அமைதியாக எறியலாம். மூலையில் நிற்பவரைக் காக்கும் ஆள் உதவிக்கு உள்ளே வந்தால் அந்த மூலை காலியாகிவிடும். மூன்று புள்ளிக் கோடு மற்ற இடங்களில் 23 அடி 9 அங்குலத் தொலைவில் இருக்க, மூலையில் 22 அடியில்தான் இருக்கிறது என்பதால் அந்த எறிதலுக்கு மதிப்பு அதிகம். உண்மையான என்பிஏ அணிகள் ஓர் இரவில் பல முறை ஆடிப்பார்க்கும் அதே கேள்விதான் இது. விடை ஒவ்வொரு முறையும் எதிராளியின் காலடியில் எழுதியிருக்கிறது.

பந்தைக் கொடுப்பதிலும் ஒரு குறிப்பு. பெருக்கல் குறிப் பட்டனை அழுத்தினால், நீங்கள் ஸ்டிக்கைத் திருப்பிய திசையில் யார் இருக்கிறார் என்று விளையாட்டு ஊகித்துக் கொடுக்கும். கூட்டம் நெருக்கமாக இருக்கும்போது அந்த ஊகம் தவறும். அதற்குப் பதிலாக ஆர்1 பட்டனை அழுத்துங்கள். உங்கள் வீரர்கள் ஒவ்வொருவர் தலைமேலும் ஒரு பட்டனின் குறி தோன்றும், வேண்டியவரின் குறியை அழுத்தினால் பந்து அவருக்கே போகும். முதலில் தயக்கமாக இருக்கும். ஆனால் சக வீரர்களைப் பார்க்கும்படி உங்கள் கண்ணைப் பழக்குவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

தடுப்பாட்டம் கடினமானது, அது கடைசியாகத்தான் வரும் என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். பந்தைத் துரத்தி ஆளை மாற்றி மாற்றி எடுப்பதால்தான் உங்கள் ஆட்டக்காரர் எங்கே என்று தெரியாமல் போகிறது. பந்து வைத்திருப்பவரைக் காக்கும் பொறுப்பைக் கணினியிடம் விட்டுவிட்டு, நீங்கள் உயரமான வீரரை எடுத்துக்கொண்டு கூடைக்கு அருகில், நீங்கள் காக்கும் எதிராளிக்கும் கூடைக்கும் நடுவே நில்லுங்கள். அங்கிருந்து களம் முழுவதும் தெரியும். பறிக்கும் பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள். தட்டுகிற ஒவ்வொரு முறையும் உங்கள் வீரர் நிலை தவறுகிறார், இல்லாவிட்டால் ஃபவுல் வாங்குகிறார். ஆறாவது ஃபவுலில் அவர் வெளியேற வேண்டியதுதான். எதிராளி எறிவதுபோல் பாசாங்கு செய்யும்போது குதிக்காமல், கையை உயர்த்தி நின்றாலே பல எறிதல்கள் தவறும்.

அமைப்புகளில் ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறது. கூச்சப்படாமல் அதைப் பயன்படுத்துங்கள். மெதுவாக ஓடும் ஆட்டத்தில் பார்க்கக் கற்ற கண், வேகத்தைக் கூட்டிய பிறகும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கட்டாதீர்கள். அந்த வேண்டுகோள், நீங்களே ஒரு வீரரை உருவாக்கி வளர்க்கும் மைகேரியர் போன்ற பகுதிகளுக்குரியது. அங்கே விசி என்னும் விளையாட்டு நாணயத்தால் திறன் புள்ளிகளை வாங்கலாம். முழு விலை கொடுத்து வாங்கிய விளையாட்டுக்குள் திறமையை மறுபடியும் விற்பது முறையற்றது என்பது என் உறுதியான எண்ணம். அது ஒருபுறம் இருக்க, கற்பவருக்கு அதனால் பயனே இல்லை. கூடுவது திரையில் இருக்கும் வீரரின் எண்கள்தான், உங்கள் பார்வை அல்ல. அணிகளைத் தேர்ந்தெடுத்து நேரடியாக ஆடும் பகுதியில் உலகின் சிறந்த வீரர்கள் முழுத் திறனோடு கூடுதல் செலவில்லாமல் கிடைக்கிறார்கள். அங்கேயே இருங்கள்.

இணையத்தில் ஆடுவதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். இணைப்பின் தாமதம் எறிதலின் தருணத்தை மாற்றிவிடும். நீங்கள் அரும்பாடுபட்டுப் பழகியதும் குழம்பிவிடும். அங்கே வருபவர்களில் பலர் ஆண்டுக்கணக்காக ஆடுபவர்கள் என்பதால், என்ன தவறு செய்தோம் என்று பார்க்கக்கூட நேரம் கிடைக்காது. வேகத்தைக் குறைக்காமல், ப்ரோ என்னும் நிலையில் கணினியை எதிர்த்து, ஒரு கால்பகுதி முழுவதும் ஆர்2 பட்டனைத் தொடாமல் ஆடி, எறிதல்களில் பாதியாவது ஆளில்லாத இடத்திலிருந்து எறிந்தவையாக இருக்கும் நாள் வரட்டும், அப்போது நுழையுங்கள். முதலில் தெரிந்த ஒருவருடன் தனி அறை அமைத்து ஆடுங்கள், முன்பின் தெரியாதவர்களை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்.