கதைகளில் வரும் குள்ளர்கள் நிலத்தடியில் எப்படி மூச்சு விடுகிறார்கள்?

கற்பனைக் கதைகளில் குள்ளர் என்றால் மலையைக் குடைந்து அதற்குள்ளேயே ஊர் கட்டி, உலை மூட்டி, இரும்பு அடித்துப் பிழைக்கும் கொல்லர் இனம். வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் புராணத்தில் இடிக் கடவுள் தோர் கையிலிருக்கும் சுத்தியலே இவர்கள் அடித்துக் கொடுத்ததுதான். சரி, அத்தனை புகைக்கு நடுவில் மூச்சு எப்படி?

அந்த உலைதான் காப்பாற்றுகிறது. உலைக்கு நேர் மேலே மலையுச்சி வரை ஒரு துளை இருந்தால் சூடான காற்று அது வழியாக ஏறிப் போய்விடும், அந்த இடத்தை நிரப்ப வாசல் பக்கமிருந்து புதுக்காற்று தானாக உள்ளே இழுபடும். நிஜச் சுரங்கங்களிலும் மின்விசிறி வருவதற்கு முன்னால் துளையின் அடியில் நெருப்பு மூட்டிக் காற்றை ஓட்டியிருக்கிறார்கள். உலையை அணைய விடாமல் பார்ப்பது குள்ளர் ஊரில் ஒரு வழக்கம் என்று கதையில் வந்தால் அது வெறும் அலங்காரமில்லை, உயிர் விஷயம்.

எங்கள் கொங்குப் பக்கம் பாழுங்கிணற்றில் தூர் வார இறங்கும் முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவார்கள்; பாதியில் சுடர் சுருங்கி அணைந்தால் யாரும் இறங்க மாட்டார்கள், கெட்ட காற்று தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். காற்று ஓடாத குள்ளர் ஊரும் அப்படித்தான்.

அப்புறம், குள்ளர் ஊருக்கு மூச்சோடு வெப்பமும் ஒரு கவலை. ஆழம் போகப் போகக் குளிரும் என்று பலர் நினைக்கிறார்கள். கிணற்றளவு ஆழத்துக்குத்தான் அந்தக் குளுமை, அதற்குக் கீழே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வெப்பம் ஏறக்குறைய 25 முதல் 30 டிகிரி கூடும்.